ஒரு வாசகர் தேவை

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த முதல் ஆள் எழுத்தாளர் அசோக்குமாராகத்தான் இருப்பார். இன்ஸ்பெக்டர் நாகஜோதி போனில் கூப்பிட்டதுமே, பாராட்டத்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

காரணம் இருந்தது. விளாங்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில், மணப்பெண் அறையிலிருந்து நாற்பது பவுன் திருடு போயிருந்தது. திருடன் கையில் சீர்த்தட்டோடு நுழைந்தான். பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைத்து, காபி சாப்பிட்டாயா என்றுகூட விசாரித்தார்கள். அன்னாசிப் பழத்துக்கு அடியில் நகையை வைத்து, துண்டால் மூடி, வந்த வழியே நடந்து போய்விட்டான். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் இதுதான் செய்தி.

அதற்கு அடுத்த நாள் அசோக்குமார் முகநூலில் பொங்கினார். தன்னுடைய ‘வைகையில் ஒரு கை’ நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் எவனோ திருடியிருக்கிறான் என்றார். டிவிக்காரர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இப்போதும் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கிறார்கள்.

வண்டியூரில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அசோக்குமாரின் நாவலை நான்கு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. ஐந்தாவதாக ஒரு பதிப்பகம் அவருக்குத் தெரியாததால், சொந்தமாக வெளியிடுவதுதான் எழுத்தாளனுக்கு மரியாதை என்று கண்டுகொண்டார். மின்னூலாக இணையத்தில் தானே போட்டார். எடிட்டர் தொல்லை இல்லை, கேள்வி கேட்க ஆளில்லை. இருபத்தாறு பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். இருபத்தாறு பேரும் சொந்தக்காரர்கள்.

“உக்காருங்க சார்,” என்றார் நாகஜோதி. “உங்க நாவல் தையில வந்திருக்கு. திருட்டு ஆவணியில நடந்திருக்கு. நேத்துதான் அந்த அத்தியாயத்தைப் படிச்சேன். அன்னாசிப் பழம் வரைக்கும் அப்படியே இருக்கு.”

“எழுத்துன்னா அதான் மேடம்,” என்றார் அசோக்குமார் அடக்கமாக.

“அப்ப இதை முன்னாடியே படிச்ச ஒருத்தன்தான் எடுத்திருக்கணும். எம்புட்டுப் பேர் படிச்சிருப்பாங்க?”

“பத்தாயிரம் பேராச்சும் இருக்கும்.”

“அம்புட்டுப் பேர் வேணாம். தெரிஞ்ச ஆளுங்களைச் சொல்லுங்க. அங்கேருந்து பிடிச்சுக்கிறேன்.”

முதலில் மாட்டியவர் அசோக்குமாருடைய மனைவியின் அண்ணன் ஜெயபாண்டி. ‘படித்து முடித்து மூன்று நாள் தூங்கவில்லை’ என்று இணையத்தில் எழுதியிருந்தவர். நாகஜோதி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“படிச்சேனே மேடம். வைகையில தண்ணி வராம விவசாயி படுற பாடு. மனசு தாங்கல.”

“இது கொலைக் கதை சார்.”

“அட, கொலை செய்யுற அளவுக்குக் கொண்டுபோய் விட்டுட்டாய்ங்களா விவசாயிய,” என்று ஜெயபாண்டி வருத்தப்பட்டார்.

மற்ற இருபத்தைந்து பேரையும் ஏட்டு வரிசையாகக் கூப்பிட்டார். வாட்ஸப்பில் வந்த லிங்க்கை அழுத்தினோம், நட்சத்திரம் கேட்டது, கொடுத்தோம் என்றார்கள். ஒருவர் அதை ரீசார்ஜ் ஆஃபர் என்றே நினைத்திருந்தார்.

“பதிப்பகத்துல யாராவது படிச்சிருப்பாங்கள்ல?” என்றார் நாகஜோதி.

அசோக்குமார் முகம் மாறியது. “அவங்கள விட்டுருங்க மேடம். அவங்களுக்கு என்ன தெரியும்?”

விடவில்லை. ‘தங்கள் நாவலை வரி விடாமல் படித்தோம், தரம் போதவில்லை’ என்று பதில் போட்ட பதிப்பாளர் ராஜகுருவைப் பிடித்தார்கள். போலீஸ் என்றதும் ராஜகுரு உண்மையைக் கொட்டிவிட்டார்.

“அது எல்லாருக்கும் அனுப்புற பதில் மேடம். நான் கவரைக்கூடப் பிரிக்கல. எந்தக் கவரையுமே பிரிக்கிறதில்ல. வேணும்னா ஆபீசுக்கு வந்து பாருங்க.” மற்ற மூன்று பதிப்பகங்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

அசோக்குமார் நீளமாக மூச்சு விட்டார். பாவம், மனசு உடைந்துவிட்டது என்று ஏட்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நாகஜோதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “யோசிச்சுப் பாருங்க சார். உலகத்துல ஒரு ஆள்கூட இந்த நாவலைப் படிக்கல. அப்ப இந்தத் திட்டம் தெரிஞ்ச ஒரே ஆள் யாரு?”

அசோக்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

“சத்தியமா நான் எடுக்கல மேடம்.”

“நம்புறேன். நிரூபிக்க ஏதாவது வச்சிருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு போதும், இப்பவே வீட்டுக்குப் போகலாம். இல்லாட்டி ஒத்துக்கிட்டு இந்த வாக்குமூலத்துல கையெழுத்துப் போடுங்க.”

அவரிடம் ஒன்று இருந்தது. அவர் தன் செல்போனை எடுத்து மின்னூல் கணக்கைத் திறந்து அதில் இருக்கும் தேதிகளைக் காட்டினால் போதும், அடுத்த நிமிடமே விட்டுவிடுவார்கள். சொல்ல வாயைத் திறந்தார். வாசலில் ஒரு டிவிக்காரப் பெண், “திருடனுக்கே பாடம் எடுத்த எழுத்தாளர் உள்ளேதான் இருக்கிறார்,” என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்ற தாய்கூட அவரை எழுத்தாளர் என்று சொன்னதில்லை.

அசோக்குமார் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

திருட்டு நடந்த மறுநாள் பேப்பரைப் பார்த்து எழுதி, தையில் போட்ட மின்னூலுக்குள் ஒன்பதாம் அத்தியாயமாகச் செருகிவிட்டேன் என்று சொல்வதைவிட, நாற்பது பவுனையும் நானேதான் எடுத்தேன் என்று சொல்வது அவருக்கு எவ்வளவோ கௌரவமாக இருந்தது.