கத்துக்குட்டி அனுப்பிய திருத்தம்

"இவனைக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுலே! ஒனக்கு வேற சோலி இல்லியா?"

அஃப்சல் போட்ட சத்தத்தில் சல்மான் ஃபாரிஸ் மடிக்கணினியிலிருந்து தலை நிமிர்ந்தான். மேலப்பாளையத்தில் இருவரும் பால்ய சிநேகிதர்கள்.

திரையில் இருந்தது, உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதும் ஒரு பெரிய மென்பொருள். அதில் தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிற பகுதிக்கு சல்மான்தான் பொறுப்பாளர். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். பொறுப்பாளர் படித்துச் சரி சொல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. சரியில்லை என்றால், ஏன் என்று ஊர் உலகமே படிக்கிற பொதுப் பக்கத்தில் பதில் எழுத வேண்டும்.

ஒரு மாதமாக அங்கே அவன் உயிரை வாங்குவது 'கத்துக்குட்டி' என்ற பெயரில் வரும் ஓர் ஆத்மா. சொன்னதைத் திருத்தாது; சொல்லாததைத் திருத்தி அனுப்பும்.

"நேத்து சொன்ன அதே தப்பு இன்னைக்கும் வந்திருக்கு பாரு. செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்றான் அஃப்சல்.

சல்மானுக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. பேட்டையில் பீர் மைதீன் மகள் ஸமீஹாவைப் பெண் கேட்டு வைத்திருந்தார்கள். காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற பெண். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. அவர்களோ, 'விசாரிச்சுட்டுச் சொல்லுதோம்' என்றதோடு சரி.

அடுக்களையிலிருந்து அவனுடைய உம்மா ஜனாபா வந்தாள். "பள்ளிவாசல்ல விசாரிச்சிட்டாவ, ஒன் ஆபீஸ்லயும் விசாரிச்சிட்டாவ. எல்லாரும் தங்கமான புள்ளன்னுதான் சொல்லிருக்காவ. இன்னும் யாருட்ட கேக்கணுமாம்?"

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போவட்டும்மா!"

அந்த ஆத்திரம் அப்படியே கத்துக்குட்டி மேல் திரும்பியது. 'மண்டையில் எதுவும் ஏறாதா? உனக்கெல்லாம் எதற்கு இந்த வேலை?' என்று படபடவென்று தட்டினான்.

"அப்படிப் போடு!" என்றான் அஃப்சல். "அனுப்புலே!"

சல்மானின் விரல் நின்றது. "வேண்டாம்டே. நாளைக்குப் புதுசா வாரவங்களும் இதைப் படிப்பாங்க. ஒருத்தர வைஞ்சா, பாத்துட்டுப் பத்துப் பேரு வராமலே போயிருவாங்க."

எழுதியதை அழித்துவிட்டுப் பைய எழுதினான்: 'பரவாயில்லை. இந்த இடத்தில் எல்லாருக்கும் கால் தடுக்கும், எனக்கும் தடுக்கியது. முதல் வரியிலிருந்து சேர்ந்தே பார்ப்போமா?'

"நீ உருப்பட மாட்ட" என்று தலையில் அடித்துக்கொண்டான் அஃப்சல்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கத்துக்குட்டியிடமிருந்து புதிய திருத்தம் வந்தது. படித்த சல்மான் எழுந்தே விட்டான். பழைய தவறுகள் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு, போன வருஷத்திலிருந்து அவனே தீர்க்க முடியாமல் விட்டிருந்த சிக்கலும் அதில் சுத்தமாகத் தீர்ந்திருந்தது.

கீழே ஒரு குறிப்பு:

'இதுவரைக்கும் அனுப்பினதெல்லாம் வேணும்னே செஞ்ச தப்பு, மன்னிச்சிருங்க. நல்லவர்னு எல்லாரும் சொன்னாங்க, கோவம் வந்தா எப்படின்னு யாரும் சொல்லல. அதான் நானே விசாரிச்சேன். வாப்பாகிட்ட இப்பதான் சம்மதம் சொன்னேன் – ஸமீஹா.'