பேனுக்கு ரெண்டு நாளு

பேனுக்கு உயிரு இருந்துது. பிஜியக்காக்க தலயண உறையில, தையலு ஓரமா மெள்ள ஊர்ந்து போவுது.

அக்கா வீட்ட விட்டுப் போயி ஆறு மாசம். அவளுக்க முறி சாத்தியே கெடந்துது. எனக்க தலயில பேன் கண்டதுக்கு அம்ம இண்ணைக்கு வீடு முழுசும் கழுவுனா. பெட்சீட்டெல்லாம் பெரிய செம்புல போட்டு அவிச்சா. வெயிலுல போடுததுக்கு அக்காக்க தலயணயயும் முற்றத்துக்கு எடுத்துட்டு வந்தா.

"எட்டி அஞ்சு, இங்க பாரு. ஆறு மாசமா ஆரும் கெடக்காத தலயணயில பேனு எப்பிடிட்டி வந்துது?"



அப்பா தெங்குக்க மூட்டுல இருந்து ரப்பரு வெட்டுத கத்தியத் தீட்டிட்டு இருந்தாரு. தீட்டுத சத்தம் நிண்ணுது.

ஞாயிறாச்ச சர்ச் விட்டு வாறப்ப நர்ஸ் சுகிர்தபாய் அம்மைட்ட சொன்னதாக்கும்: தலய விட்டு எறங்குன பேன் ரெண்டு நாளுக்கு மேல தாங்காது. பறக்காது, சாடாது. தலயும் தலயும் முட்டுனாத்தான் கேறும்.

அப்பாவும் பக்கத்துல குடையப் பிடிச்சிட்டு நிண்ணு கேட்டாரு.

அப்போ நேத்து அந்தத் தலயணயில ஒரு தல இருந்துருக்கு.

இருந்துதுதான்.

பதினோரு நாளா அக்கா கீழ ரப்பருக்குள்ள பழய மாட்டுப்புரையில கெடக்கா. மாட்ட வித்த பிறவு அங்க ஆரும் போறதில்ல. அவளக் கூட்டிட்டுப் போன ஜீப்பு டிரைவரு அஜேஷ் அடிச்சு, கண்ணு வீங்கி, ராத்திரியோட ராத்திரியா ஆரியங்கோட்டுல இருந்து நடந்து வந்தா. தல நெறய பேனு. அவ எனக்க ஜன்னல்ல தட்டுனது எனக்கு மட்டுந்தான் கேட்டுது.

தெனமும் எல்லாரும் உறங்குன பிறவு சோறும் தலயணயும் கொண்டு குடுப்பேன். கொஞ்ச நேரம் அவளக் கெட்டிப் பிடிச்சிட்டுக் கெடப்பேன். அப்பா ரப்பரு வெட்ட எழும்புததுக்கு முன்ன தலயணயத் திருப்பிக் கொண்டு வச்சிருவேன். நாலு நாளா அவ சோறும் தொடுததில்ல, பசிக்கேலயாம். சொகமில்லாம ஆயிட்டாளோன்னு எனக்குப் பயம்.

அந்த ஜீப்பு டிரைவருக்க கூட அவ போன அண்ணைக்கு அப்பா சொன்னாரு, இனி எனக்கு ஒரு மவதான், மத்தவ இந்த முற்றத்துல சவிட்டுனா கால வெட்டிருவேன்னு. அதுக்குப் பிறவு அவ பேர வீட்டுல ஆரும் சொன்னதில்ல. ஜெபத்துல கூட.

அப்பா எழும்பி வந்தாரு. கத்தியக் கீழ வைக்கேல.

தலயணய வாங்கினாரு. பேனப் பாத்தாரு. என்னயப் பாத்தாரு. கத்தியக் கக்கத்துல இடுக்கிட்டு, ரெண்டு பெருவிரல் நகத்துக்கு எடையில வச்சு நெரிச்சாரு.

"பழய பேனாக்கும். உறையத் தூக்கி செம்புல போடு."

பிறவும் போயிருந்து கத்தி தீட்டுனாரு.

இப்ப ராத்திரி மணி ஒண்ணு இருக்கும். நான் இன்னும் போவேல.

ரெண்டு நாளு கணக்கு அவருக்கும் தெரியும். பின்ன எதுக்கு பழய பேனுன்னாரு? கையும் களவுமா பிடிக்கவா? போனா அக்காக்க காலு போவும். போவாட்டா அவ விடிய விடிய வழியயே பாத்துட்டு இருப்பா.

சாயங்காலம் அம்ம பேன்சீப்பு வச்சு எனக்க தலயயும் வாரி, தனக்க தலயயும் வாரினா. அம்மைக்க தலயில ஒரு ஈரு கூட இல்ல. அப்பாக்க தலய ஆரும் பாக்கேல. பாக்க என்னத்துக்கு? அக்கா போனதுல இருந்து அவரு முன்வசத்து பெஞ்சுல தனியாக்கும் உறங்குதது. எங்க ரெண்டுபேரு பக்கத்துலயும் வாறதே இல்ல.

உறங்கிட்டாரான்னு கதவு இடுக்கு வழியாப் பாக்கேன்.

உறங்கேல. இருட்டுல எழும்பி இருக்காரு.

ரெண்டு கையும் வச்சு கறுக்கு கறுக்குன்னு தலயச் சொறியாரு.