நாலாவது கை

லிஃப்ட் மெக்கானிக் வீட்டிலேயே ஒரு வீடியோ கேம் பெட்டி செய்துகொண்டிருந்தார். நின்றுகொண்டே விளையாடுகிற பழைய ரகம். அதன் பொத்தான் பலகையை மட்டும் ஆளுக்குத் தக்கபடி கழற்றி மாட்டலாம். அதற்காக ஒவ்வொருவரின் வலது கையையும் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். அவர், மனைவி, மகள். மூன்றே பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால் தாள்கள் நான்கு இருந்தன. நாலாவது கை சின்னது. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை பதினொரு சென்டிமீட்டர். கோட்டின் அழுத்தம் அவருடையதேதான்.

மகளைக் கேட்டார். "போங்கப்பா, என் கையை ஒரு தடவை வரைஞ்சதுக்கே கூசிச்சு" என்று ஓடிவிட்டாள்.

புதன்கிழமை காலை மறுபடி அளந்தார். பதின்மூன்று. அளவுகோலை மாற்றிப் பார்த்தார், அதுவும் பதின்மூன்றே என்றது. வேலையில் இருப்புக்கொள்ளவில்லை. எந்த மாடிக்குப் போனாலும் அந்த எண்தான் மண்டையைக் குடைந்தது. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு மதியமே வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அளந்தார். பதின்மூன்றரை.

மனைவி மகளின் சீருடைப் பாவாடையில் மடிப்பைப் பிரித்து நீளமாக்கிக்கொண்டிருந்தாள்.

"இது யார் கைன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் தாளை வாங்கி மடியில் வைத்து, அந்தக் கையின் மேல் தன் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"பலகையில ஓட்டை போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப கொஞ்சம் தள்ளித் தள்ளியே போடுங்க" என்றாள், ஊசியில் நூலைக் கோத்தபடி. "வளர்ற கை. அடுத்த வருஷத்துக்கும் ஆகணும்ல?"