பதினொரு துப்பாக்கி, ஒரே சத்தம்

"அயாஷி, இதை வேற யார்கிட்டயும் நான் மூச்சு விடல. பிந்தி வந்த அந்தச் சத்தம் உன்னோடதுதான்யா."

குதிரைகள் கட்டியிருந்த பக்கமாக அவனைத் தள்ளிக்கொண்டு வந்துதான் குழுத் தலைவர் பூஅஸ்ஸா இதைச் சொன்னார்.

"என்னோடதா? புழுதியில பக்கத்துக் குதிரைக்காரன் மூஞ்சியே தெரியல, தலைவரே. நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"மூஞ்சி எதுக்குய்யா? காது இருக்குல்ல? மொத்தமா ஒரு 'டமார்'. அப்புறம் தனியா ஒரு 'டொப்'. அந்த டொப்பு நீ."

விஷயம் அவ்வளவுதான். திருவிழாக் குதிரைப் போட்டி இது. தலைவரையும் சேர்த்துப் பதினொரு குதிரையும் ஒரே வரிசையில் பாய்ந்து வர வேண்டும். தலைவர் குரல் கொடுத்ததும் பதினொரு துப்பாக்கியும் ஒரே சத்தமாக வெடிக்க வேண்டும். குண்டு கிடையாது, குழல் வாய் வழியாகக் கொட்டி இடிக்கிற வெடிமருந்து மட்டும்தான். எதிரியும் கிடையாது. ஆனாலும் ஒருத்தன் அரை நொடி பிந்தினால் போதும், மொத்தக் குழுவின் மானமும் கப்பலேறிவிடும். இன்றைய முதல் ஓட்டத்தில் அப்படித்தான் ஏறியது. நாளை கடைசி ஓட்டம்.

"பதினொரு துப்பாக்கியும் என் பட்டறையில நான் செஞ்சது. வால்நட் கட்டையை இழைச்சு, வெள்ளித் தகடு அடிச்சு..." என்றான் அயாஷி.

"அதனாலதான் சொல்றேன். செஞ்சவனே பிந்தினா ஊர் சிரிக்காதா? உன் மரியாதைக்காகத்தான் தனியா கூப்பிட்டேன். நாளைக்கும் அந்த டொப்பு கேட்டுச்சுன்னா, அடுத்த வருஷம் துப்பாக்கியை மட்டும் அனுப்பி வை. உன் இடத்துல என் மருமகன் ஏறுவான்."

மருமகனாம்! கழுதை மேல்கூட ஒழுங்காக உட்காரத் தெரியாதவன். இருபது வருஷமாக அந்த வரிசையில் ஏறிய அயாஷிக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடாரத்துக்குள் புதினாத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் வாய் ஓயாமல் வம்பளக்கிற கூட்டம், இன்று கப்சிப் என்று உட்கார்ந்திருந்தது. குதிரையில் ஏறினால் எல்லாரும் மாவீரர்கள். இறங்கினால் ஒருத்தன் மருந்துக்கடை, ஒருத்தன் பேருந்து முதலாளி, ஒருத்தன் வரி அலுவலக எழுத்தர்.

"என்ன அண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றான் மருந்துக்கடை மீலூத்.

"பல்வலிடா. நீ ஏன் ரொட்டியைத் தொடவே இல்ல?"

"எனக்கும் பல்லுதான் அண்ணே."

"மருந்துக்கடை வச்சிருக்கிறவன் பேசுற பேச்சா இது?"

மீலூத் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தான்.

மறுநாள் திருவிழாக்காரர்கள் ஆளுக்கு ஒரு அளவு வெடிமருந்து கொடுத்தார்கள். அயாஷி தன் பங்கை வாங்கிக்கொண்டு, குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போகிறவன் மாதிரி ஒதுங்கிப் போய் வந்தான்.

பதினொரு குதிரைகள் புழுதி பறக்கப் பாய்ந்தன. நடுவர் பந்தலுக்கு முன்னால் தலைவர் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார். எல்லாரும் குதிரை மேலேயே எழுந்து நின்று துப்பாக்கியை உயர்த்தினார்கள்.

'டப்!'

ஒன்று. ஒன்றே ஒன்று. அதற்குப் பின்னால் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது.

"சத்தம் கொஞ்சம் சன்னம்தான். ஆனா இவ்வளவு சுத்தமான ஒரே வெடியை நான் என் ஆயுசுலயே கேட்டதில்ல" என்று தலைமை நடுவர் முதல் பரிசை அறிவித்தார்.

"ஒத்துமையா வெடிச்சா சன்னமாத்தான் வரும், ஐயா! முன்னப்பின்ன வெடிச்சாத்தான் இரைச்சல்!" என்று அவருக்கே பாடம் எடுத்தார் பூஅஸ்ஸா. பிறகு அயாஷியை இறுகக் கட்டிக்கொண்டு, "பாத்தியா? நீ திருந்தினதும் எல்லாம் சரியாப்போச்சு!" என்று காதில் சொன்னார்.

அயாஷிக்குச் சிரிப்பதா, மண்ணில் புதைந்துபோவதா என்று தெரியவில்லை. தன் பங்கு மருந்தை அவன் மணலில் கொட்டி மூடிவிட்டு, வெறும் துப்பாக்கியோடுதான் ஏறியிருந்தான். அப்படியானால் அந்த டொப்பு சத்தியமாகத் தன்னுடையதுதான். தான் சுடாத அன்றைக்குத்தானே குழு ஜெயித்திருக்கிறது!

அந்த வேதனையோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. சுட்ட துப்பாக்கியை அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவியாக வேண்டும், இல்லையென்றால் துருப்பிடித்துவிடும். சுட்ட குழலிலிருந்து கரித்தண்ணீர் வரும். சுடாத குழலிலிருந்து?

"எல்லாரும் களைச்சுப் போயிருக்கீங்க. கொடுங்கப்பா, நானே எல்லாத்தையும் கழுவுறேன்" என்றான் அவசரமாக.

"வேண்டாம் அண்ணே, என்னோடதை நானே பாத்துக்கிறேன்" என்று மீலூத் துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். எழுத்தரும் கொடுக்கவில்லை. பேருந்து முதலாளி, வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்கிறேன் என்று கிளம்பவே பார்த்தார்.

"யாரும் எங்கேயும் போகக் கூடாது!" என்று அதட்டினார் பூஅஸ்ஸா. "ஒண்ணா சுட்டோம், ஒண்ணாக் கழுவுவோம். வரிசையா நில்லுங்க. வெந்நீரை ஊத்துங்க. ம்... கவுத்துங்க!"

பதினொரு குழலும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன. பூஅஸ்ஸாவின் குழலிலிருந்து மை மாதிரிக் கறுப்பாகக் கொட்டியது; மற்றப் பத்துக் குழல்களிலிருந்தும் தேநீர் போடலாம் போலத் தெளிந்த தண்ணீர்.

மீலூத் மெல்ல அயாஷியின் பக்கம் சாய்ந்தான்.

"உங்களையும் தனியாத்தான் கூப்பிட்டுச் சொன்னாரா, அண்ணே?"