கையில் இருந்த கார்டு

“உன் பேங்க் கார்டை என்கிட்ட குடு, என்னோடத நீ வச்சுக்க. ரெண்டு பேரும் கடன்ல இருந்து கரையேறிடலாம், என்ன சொல்றே?” என்று தையல் கம்பெனியில் காலர் தைக்கும் அக்கா ஏழு மாதத்துக்கு முன் உடன் வேலை பார்க்கும் அவளைக் கேட்டாள்.

அன்றிலிருந்து ஒருத்தியின் கணக்கில் இருந்து அவள் கடன் தவணையை மற்றவள் எடுத்துக் கட்டினாள். வீட்டில் யார் பணம் கேட்டு நச்சரித்தாலும் கையில் சொந்தக் கார்டு இருக்காது. இருவருக்கும் பாதிக் கடன் தீர்ந்திருந்தது.

இன்று மதியம் அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை.

“நேத்து உன் கணக்குல ரெண்டாயிரம் எடுத்துட்டேண்டி. பையனுக்கு உடனே ஊசி போடணும்னாங்க. கையில உன் கார்டுதான் இருந்துச்சு.”

கேட்டுக்கொண்டிருந்தவள் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

“நாலு வார்த்தை திட்டுடி. மனசாவது ஆறும்.”

“விடுக்கா.”

“உன்ன மாதிரி ஒருத்தி கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்.” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என் கணக்குல பதினோராயிரம் கிடக்குல்ல, அதுல உன் ரெண்டாயிரத்தை எடுத்துக்க. மீதிய நாளைக்கு என் தவணைக்குக் கட்டிடு.”

அந்தப் பதினோராயிரத்தையும் அவள் போன வாரமே அக்காவின் கார்டில் எடுத்து, வாடகை பாக்கிக்காகத் தன் பாத்திரங்களைத் தெருவில் தூக்கி வைத்த வீட்டு உரிமையாளரிடம் கொடுத்திருந்தாள்.

சாப்பாட்டு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.