ஊர் சுற்றிகள்

"இந்த வாரமும் கிளம்பிட்டாங்க ஜோடியா" என்று செல்போனைக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள் அக்கா.

தம்பி மனைவி வைத்திருந்த ஸ்டேட்டஸ். ஹோட்டல் மேஜையில் ரெண்டு தட்டு, ஜன்னலுக்கு வெளியே மலை, நடுவில் தம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். போன வாரம் ஏரி. அதற்கு முந்தின வாரம் படகு.

சட்டைக் கம்பெனியில் தைத்து வருகிற சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் அக்காவுக்கு வேலை. வாரம் பூராவும் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். சனிக்கிழமை வீங்கின காலோடு வந்து உட்காரும்போது இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அவங்க காசு, அவங்க போறாங்க, உனக்கென்ன என்று கேட்டுப் பார்த்தார் கணவர்.

"வயசான ரெண்டு பேரைத் தனியா விட்டுட்டுப் போறாங்களே, அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா?"

கணவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அவருக்கு அனுபவம் உண்டு.

இன்றைக்கே அப்பா அம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று அக்கா முடிவு செய்தாள். பாவம், என்ன சாப்பிட்டார்களோ என்று சமைத்ததை டப்பாவில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

தம்பி வீடு ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும்தான். அறை தம்பிக்கும் மனைவிக்கும். அப்பா ஹால் சோபாவில் காலை மடக்கிப் படுப்பார். அம்மா சமையலறையில் பாய் விரித்துக்கொள்வாள். அக்கா சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலும் இதே கதைதான், அப்போது சித்தப்பா, அத்தை என்று கூடவே ஒரு படை இருந்தது.

மணியடித்து வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அப்பா கையில் நகவெட்டி. உள்ளே சோபாவில் அம்மா, நீட்டியிருந்த காலை அவசரமாகக் கீழே இறக்கினாள்.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"குனிய முடியாத மனுஷிக்கு நகம் வெட்டி விடக்கூட இந்த வீட்டுல ஆள் இல்லையா? அப்பாவா வெட்டணும்?"

"நல்லாத்தான் வெட்டுறார்" என்றாள் அம்மா. முகம் கொடுத்துப் பேசவில்லை. "சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறியே, ஒரு போன் பண்ணக் கூடாதா?"

பெற்ற மகளைக் கேட்கிற கேள்வியா இது? மகனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னாள், இனிமேல் தன் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றாள். அப்பா நகவெட்டியை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்.

"நாங்க எங்கயும் வரலை. சின்னஞ்சிறுசுங்க, சந்தோஷமா சுத்திட்டு வரட்டும். அவனைத் திட்டாதே" என்றாள் அம்மா.

ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு இருவரும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

பஸ் மாறுகிற இடத்தில் அக்காவுக்குக் கால் கெஞ்சியது. ஒரு டீ குடிக்கலாமென்று அங்கிருந்த கேன்டீனுக்குள் நுழைந்தாள்.

மூலையில் தம்பி உட்கார்ந்திருந்தான், இந்நேரம் மலை மேல் இருக்க வேண்டியவன். முன்னால் ஆறிப்போன டீ. பக்கத்தில் அவன் மனைவி மேஜையில் தலை சாய்த்து அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா செல்போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இது என்னடா?"

தம்பி திருதிருவென்று விழித்தான். பிறகு, மனைவியை எழுப்பிவிடாத குரலில் விஷயத்தைச் சொன்னான். அவர்கள் வெளியூர் போனது போன வருஷம் ஒரே ஒரு தடவைதானாம். அம்மா நம்ப வேண்டுமே என்று அப்போது எடுத்த படங்களைத்தான் வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். படுக்கை, மனைவியின் தோழி ஒருத்தியின் அறைத் தரையில். அவள் இரவு வேலைக்குக் கிளம்பும்வரை இந்தக் கேன்டீன்.

ஆதாரம் வேண்டுமே என்று சேமித்து வைத்திருந்த படங்களை அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மலை, ஏரி, படகு எல்லாவற்றிலும் தம்பி ஒரே சட்டையில் இருந்தான். சட்டை பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் கண்ணில் இத்தனை வாரமும் இது படவில்லை.

"பைத்தியமாடா உங்களுக்கு? வீடு இருக்கும்போது எதுக்கு இந்தப் பாடு?"

"எனக்கும் வீட்டுல படுத்துத் தூங்கணும்னுதான் இருக்குக்கா." தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டான். "அந்தத் தடவை அங்க ஒரே மழை. ஒரு நாள் முன்னாடியே திரும்பிட்டோம். கதவுகிட்ட வந்தா, உள்ள அப்பா பாடிட்டு இருக்கார். அம்மா சிரிக்கிறாங்க. அம்மா அப்படிச் சிரிச்சு நீ கேட்டிருக்கியா? நான் கேட்டதே இல்லை. மணியடிக்கப் போன என் கையை இவதான் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டுல தனியா இருந்ததே இல்லைக்கா. அவங்களுக்காகத்தான் போறோம்னு தெரிஞ்சா விடவே மாட்டாங்க."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரொம்ப வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. அம்மாதான். தம்பியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டுவிட்டாயா என்று கேட்டாள்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சண்டையெல்லாம் போடலம்மா. மலை மேல ஜில்லுனு இருக்காம், வர மனசே இல்லையாம். நாளைக்கு ராத்திரிதான் வருவாங்க. அதுவரைக்கும் யார் மணியடிச்சாலும் கதவைத் திறக்காதே. நானா இருந்தாலும் சரி."