வக்கீலின் குளியல்

"மாமாவை டிஸ்சார்ஜ் பண்ணி வண்டியில உட்கார வச்சாச்சு. இருபது நிமிஷத்துல வந்துடுவோம். முடிஞ்சுதா?" என்று ஃபோனில் கிசுகிசுத்தான் கணவன்.

முடியவில்லை. குளியலறைத் தரையெல்லாம் முடி. ஈரத்தோடு நின்ற நாயையும் செல்ஃபோனில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்து, வலது காதோரம் இன்னும் நகக்கண் அளவு கத்தரித்தாள் அவள்.

நாய் வாயைத் திறக்கவில்லை. அதுதான் சிக்கல். அப்பாவின் நாய் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் ஒன்பது முறை குரைக்கும். எதற்கும் எதிர்வாதம் செய்ததால்தான் அதற்கு 'வக்கீல்' என்றே பெயர் வைத்திருந்தார்.

அந்த வக்கீல் செத்து இரண்டு வாரமாகிறது. காய்ச்சலில் துவண்டு கிடந்ததைத் தூக்கிக்கொண்டு, அப்பாவின் பெயரும் ஃபோன் நம்பரும் போட்ட பழைய மருந்துச் சீட்டோடு கால்நடை டாக்டரிடம் ஓடினாள். அவர் கையை விரித்துவிட்டார். அந்தச் சீட்டிலிருந்த நம்பரிலேயே சாவையும் பதிவு செய்துகொண்டார்கள்.

அப்பாவுக்கோ அப்போதுதான் இதய ஆபரேஷன் முடிந்திருந்தது. அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கணவனும் மனைவியும் நாயாய் அலைந்து இதே ஜாடையில் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள்.

நல்லவேளையாக, "வக்கீல் சாப்பிட்டானா?" என்று தினமும் துளைத்தெடுத்த மனுஷர் அதற்கு மறுநாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மாத்திரை அசதி என்று நினைத்து அவளும் நிம்மதியாக இருந்தாள்.

நகத்தை வெட்டி, துவட்டி, டிரையரில் காய வைத்து, வக்கீலின் கழுத்துப்பட்டையை மாட்டும்போது வாசலில் கார் நின்றது.

அப்பா மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாய் சத்தமில்லாமல் போய் அவர் முழங்காலில் தலையை வைத்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையை, காதை, முதுகை நிதானமாகத் தடவினார் அப்பா.

"நல்லா குளிப்பாட்டியிருக்கேம்மா."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவருகே நின்ற கணவன் வேறு பக்கம் திரும்பி மூச்சு விட்டான்.

அப்பா குனிந்து அந்தக் கழுத்துப்பட்டையைக் கழற்றினார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக் கேட்டார்:

"சரிம்மா, இவனுக்கு என்ன பேர் வைக்கலாம்?"